பார் உயரவும் வேண்டும், ஸ்டெம் முறுகவும் கூடாது

ஒருவர் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக். 80 மி.மீ. நீளம், 6 டிகிரி ஏற்றம் உள்ள ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு). அதில் எழுச்சியே இல்லாத நேர் ஹேண்டில்பார். கீழ்முதுகு வலிப்பதால் பாரை 3 செ.மீ. உயர்த்த வேண்டும். ஃபோர்க்கிலிருந்து மேலே வந்து ஸ்டெம்மைத் தாங்கும் ஸ்டியரர் குழாயை முன்பே வெட்டிவிட்டார்கள், ஸ்டெம்முக்குக் கீழே ஸ்பேசர் (உயர்த்தும் வளையம்) சேர்க்க இடமில்லை. கோணம் மாற்றக்கூடிய ஸ்டெம் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். உயரம் கிடைத்தது. ஆனால் எழுந்து நின்று மிதித்து மேடு ஏறும்போது பார் ஒரு பக்கமும் சக்கரம் இன்னொரு பக்கமும் போவது போல இருக்கிறது, கிரீச் சத்தமும் வருகிறது. அப்படியானால் உயரமாகவும் விறைப்பாகவும் இருக்கும் ஸ்டெம் எது?

நேராகவே சொல்கிறேன். உயரத்தை ஸ்டெம்மிடம் கேட்காதீர்கள், பாரிடம் கேளுங்கள். 60 மி.மீ. நீளத்தில், அசையும் பாகம் எதுவும் இல்லாத, தடித்த ஸ்டெம் ஒன்று. அதோடு 40 மி.மீ. அளவுக்கு எழுச்சியுள்ள ரைசர் பார் ஒன்று. நீங்கள் விரும்பும் இடத்துக்கு ஏறக்குறைய அப்படியே கை வந்துவிடும், முறுக்கமும் குறையும். பாரை மாற்ற வழியே இல்லை என்றால் 35 டிகிரி ஏற்றமுள்ள ஒரே துண்டு ஸ்டெம் வாங்கலாம். அதில் என்ன பார்க்க வேண்டும் என்று பின்னால் சொல்கிறேன்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். ஸ்டெம்மில் எழுதியிருக்கும் டிகிரி தரையை வைத்து அளந்தது அல்ல, ஸ்டியரர் குழாய்க்குச் செங்குத்தான கோட்டிலிருந்து அளந்தது. உங்கள் ஹெட் ஆங்கிள், அதாவது ஸ்டியரர் குழாய் தரையோடு செய்யும் கோணம், 68 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 0 டிகிரி ஸ்டெம்கூடத் தரையை ஒப்பிட்டால் 22 டிகிரி மேல்நோக்கித்தான் போகும். உங்கள் 6 டிகிரி ஸ்டெம் 28 டிகிரியில் போகிறது. 80 மி.மீ. நீளத்தில் அது தரும் நேர் உயரம் சுமார் 38 மி.மீ., முன்னால் நீட்டும் தூரம் 71 மி.மீ. அதே நீளத்தில் 35 டிகிரி ஸ்டெம் போட்டால் உயரம் 67, முன்நீட்டம் 44. அதாவது பார் 29 மி.மீ. மேலே போகிறது, 27 மி.மீ. பின்னாலும் வருகிறது. பலர் இந்த இரண்டாவது எண்ணை மறந்துவிடுகிறார்கள். உயரத்துக்காக வாங்கிவிட்டு, "பைக் திடீரென்று சின்னதாகிவிட்டது" என்று குழம்புவது இதனால்தான்.

இப்போது 60 மி.மீ., 6 டிகிரி ஸ்டெம்மைப் பாருங்கள். உயரம் 28, முன்நீட்டம் 53. ஆம், ஸ்டெம்மைக் குட்டையாக்கினால் பார் 9 மி.மீ. கீழே இறங்குகிறது. ஏறுமுகமாக நிற்கும் ஒன்றின் நீளத்தைக் குறைத்தால் அது தொடும் உயரமும் குறையத்தானே செய்யும். 40 மி.மீ. எழுச்சியுள்ள பாரை ஃபோர்க்கின் சாய்வுக்கு இணையாக வைத்தால் நேர் உயரம் 37 மி.மீ. கூடும், 15 மி.மீ. பின்னாலும் சாயும். கூட்டிக் கழித்தால் பழைய நிலையைவிட 28 மி.மீ. மேலே, 33 மி.மீ. பின்னால். 35 டிகிரி ஸ்டெம் கொண்டுபோய் வைக்கும் இடத்துக்கும் இதற்கும் 5, 6 மி.மீ.தான் வித்தியாசம். கைகள் ஒரே இடத்தில். ஆனால் அவற்றைத் தாங்குவது 80-க்குப் பதில் 60 மி.மீ. ஸ்டெம்.

அந்த 20 மி.மீ. அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். விறைப்பு விஷயத்தில் பெரியதுதான். ஒரு முனையில் பிடித்த கம்பி மறுமுனையில் வளையும் அளவு அதன் நீளத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது: நீளம் 60-இலிருந்து 80 ஆனால் வளைவு இரண்டே கால் மடங்குக்கு மேல் கூடுகிறது. முறுக்கம் நீளத்தோடு நேராகக் கூடுகிறது, மூன்றில் ஒரு பங்கு அதிகம். பாரையும் ஸ்டியரரையும் கவ்வ இரு முனைகளிலும் உள்ள க்ளாம்ப்கள் நீளத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதால் நடைமுறையில் எண்கள் மாறும். ஆனால் போக்கு இதேதான்.

நின்று மிதிக்கும்போது என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வலது காலை அழுத்தும்போது வலது கை பாரை மேலே இழுக்கிறது, இடது கை கீழே தள்ளுகிறது. அந்த இரண்டு கைகளுக்கும் இடையிலுள்ள தூரம்தான் நெம்புகோல். 1990-களின் மவுண்டன் பைக் பார்கள் 560 முதல் 580 மி.மீ. அகலம், இன்று 780, 800 சாதாரணம். கைப்பிடியின் நடுவில் பிடிப்பதாக வைத்தால், 580 பாரோடு ஒப்பிடும்போது 780 பாரில் அதே இழுப்பு சுமார் 40 சதவீதம் கூடுதல் முறுக்கத்தை ஸ்டெம்முக்குக் கொடுக்கும். குறுகிய பாருக்குப் போதுமாக இருந்த நீள ஸ்டெம்கள் அகல பாரில் ரப்பர் போலத் தெரிவதற்கு இதுவே காரணம். பார் அகலமாக அகலமாக ஸ்டெம் குட்டையானது பார்க்க அழகாக இருப்பதற்காக அல்ல.

கோணம் மாற்றும் ஸ்டெம்மைப் பற்றி. நானும் ஒன்றை வைத்து ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டியிருக்கிறேன். பல் பதித்த மூட்டு, நடுவில் ஒரே போல்ட். முதல் வாரம் நன்றாக இருந்தது. பிறகு மூட்டில் மண் புகுந்தது, சத்தம் வந்தது, போல்ட்டை இறுக்கினேன், சத்தம் நின்றது, மறுபடி வந்தது. ஒரு நாள் செங்குத்தான இறக்கத்தில் முன்பிரேக் பிடித்தபோது பார் ஒரு பல் கீழே இறங்கியது. விழவில்லை, ஆனால் அன்றே கழற்றிவிட்டேன். மூட்டு என்றால் கொஞ்சமாவது இடைவெளி இருக்கும். ஒவ்வொரு குலுக்கலிலும் அந்த இடைவெளி கொஞ்சம் வளரும். சாலையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்ட அது போதும். கற்களிலும் வேர்களிலும் ஓட்டும் பைக்கில் அதைப் பொருத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் உங்களிடம் இருப்பதைத் தூக்கி எறிய வேண்டாம். அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் ஒவ்வொரு கோணமாக மாற்றி ஓட்டி, முதுகுக்கு இதமான நிலை கிடைத்ததும் தரையிலிருந்து கைப்பிடியின் நடுப்பகுதி வரை உள்ள உயரத்தையும், சீட் முனையிலிருந்து கைப்பிடி வரை உள்ள தூரத்தையும் அளந்து எழுதி வையுங்கள். புதிய ஸ்டெம்மும் பாரும் அந்த இரண்டு எண்களை எட்ட வேண்டும். இதற்கு மட்டும் அது அருமையான கருவி.

ஸ்டியரர் நீட்டிப்பு என்று ஒன்று கிடைக்கிறது. வெட்டிய குழாயின் மேல் மாட்டி அதற்கு மேல் ஸ்டெம்மைப் பிடிப்பது. உயரம் உடனே கிடைக்கும், கூடவே இன்னொரு க்ளாம்ப், இன்னொரு வளையும் இடம். நிதானமாக ஓட்டும் சைக்கிளுக்குச் சரி. மலைப் பாதைக்கு வேண்டாம்.

சரி, ஸ்டெம்மையே பார்க்கலாம். விறைப்பானது எது என்று கண்ணால் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிட முடியும். முதலில் பார்க்க வேண்டியது நடுக்குழாயின் தடிமன். சுவர்த் தடிமன் மாறாமல் குழாயின் விட்டம் 32-இலிருந்து 38 மி.மீ. ஆனால் எடை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். முறுக்கத்தை எதிர்க்கும் விறைப்போ மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும், ஏனென்றால் அது விட்டத்தின் மூன்றாம் அடுக்கோடு வளர்கிறது. ஆகவே ஒல்லியாக, கனமாக இருப்பதைவிடப் பருமனாக, உள்ளே கூடாக இருப்பது மேல்.

அடுத்து ஸ்டெம்மைத் திருப்பி வயிற்றுப்புறத்தைப் பாருங்கள். எடை குறைக்க நிறைய ஸ்டெம்களில் கீழ்ப்பக்கத்தைக் குடைந்து எடுத்திருப்பார்கள். மூடிய குழாய் முறுக்கத்தை எதிர்ப்பதற்கும், ஒரு பக்கம் திறந்த வாய்க்கால் வடிவம் எதிர்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒரு காகிதக் குழலை முறுக்கிப் பாருங்கள், பிறகு நீளவாக்கில் ஒரு பக்கம் வெட்டிவிட்டு முறுக்குங்கள், கையிலேயே தெரிந்துவிடும். 35, 40 மி.மீ. ஸ்டெம்மில் குடைந்திருந்தால் பரவாயில்லை, முறுகுவதற்கு அங்கே நீளமே இல்லை. 70-க்கு மேல் போகும் உயர ஸ்டெம்மில் குடைந்திருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

உலோகத்தின் பெயரில் ஏமாற வேண்டாம். 6061, 7075, 2014 என்று எதை எழுதியிருந்தாலும் அலுமினியக் கலவைகள் எல்லாவற்றின் விறைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 70 கிகாபாஸ்கல் பக்கம். 7075 அதிக வலிமையானது, உடைய அதிக விசை வேண்டும். ஆனால் அதே வடிவத்தில் செய்தால் 6061 வளையும் அளவுக்கே அதுவும் வளையும். வலிமை வேறு, விறைப்பு வேறு. வலிமையான கலவையை வைத்துச் சுவரை மெலிதாக்கினால் விறைப்பு குறையவும் செய்யும். எஃகு மூன்று மடங்கு விறைப்பு, மூன்று மடங்கு எடை. பற்றவைத்த குரோமோலி (ஒரு எஃகுக் கலவை) உயர ஸ்டெம் கிடைத்தால், எடை உங்களுக்குப் பொருட்டில்லை என்றால், தயங்காமல் எடுக்கலாம். அலுமினியத்தின் மேல் கார்பன் தோல் போர்த்திய ஸ்டெம்மில் நீங்கள் வாங்குவது பெரும்பாலும் தோற்றத்தைத்தான்.

பாரைப் பிடிக்கும் முன்மூடி அகலமாகவும், நான்கு போல்ட் உள்ளதாகவும் இருக்கட்டும். எழுச்சி அதிகமுள்ள பாரில் இது கூடுதல் முக்கியம். கை இருக்கும் இடம் க்ளாம்ப்புக்கு 40 மி.மீ. மேலே இருப்பதால், முன்னால் தள்ளும் ஒவ்வொரு முறையும் பார் க்ளாம்ப்புக்குள் சுழலப் பார்க்கும். இரண்டு போல்ட் மூடி அதற்குப் போதாது. மூடி எவ்வளவு அகலம் என்பதை வாங்குவதற்கு முன்பே அளந்துகொள்ளுங்கள். சில ரைசர் பார்களில் நடுவிலுள்ள நேர்ப்பகுதி குறைவு, வளைவு தொடங்கும் இடத்தில் மூடி ஏறி உட்கார்ந்துவிடும். அப்படிப் பிடித்தால் பாரில் கீறல் விழுந்து அங்கிருந்தே விரிசல் தொடங்கலாம்.

விட்ட அளவுகள் தவறக் கூடாது. பாரின் நடு விட்டம் 31.8 மி.மீ. அல்லது 35 மி.மீ., பழையதில் 25.4. ஸ்டெம் அதே அளவு இருக்க வேண்டும். 35 வாங்கினால் விறைப்பு கூடுமா? பார் விறைக்கும், அது உண்மை. ஆனால் அந்த விறைப்பு நேராக உங்கள் உள்ளங்கைக்கு வரும். முதுகு வலிக்காக உயர்த்துகிறவர் கைமரத்தலை வாங்கி வரக் கூடாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 31.8-ஐயே எடுப்பேன். ஸ்டெம் விறைப்பாக இருக்கட்டும், பார் கொஞ்சம் இளகட்டும். ஸ்டியரர் பக்கம் பெரும்பாலும் 28.6 மி.மீ.தான், அடியில் ஒன்றரை அங்குலம் அகலும் குழாயிலும் மேலே இதே அளவு. சில பைக்குகளில் ஒன்றேகால் அங்குலம் வரும் என்பதால் ஒரு முறை காலிப்பரால் அளந்துவிடுங்கள்.

காசே செலவாகாத இரண்டு விஷயங்களை முதலில் பார்த்திருக்க வேண்டும், பரவாயில்லை, இப்போதாவது பாருங்கள். பழைய ஸ்டெம்மைத் தலைகீழாக மாட்டியிருந்தார்களா? 6 டிகிரி ஸ்டெம் கீழ்நோக்கி இருந்து அதைத் திருப்பினால் உங்கள் நீளத்தில் 15 மி.மீ. மேலே வரும், நான் மேலே சொன்ன கணக்கும் மாறிவிடும். அப்புறம் ஸ்டெம்முக்கு மேலே ஸ்பேசர் அடுக்கியிருக்கிறதா? அதைக் கீழே மாற்றினால் ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் 9 மி.மீ. நேர் உயரம் கிடைக்கும். ஸ்டெம்மின் ஸ்டியரர் க்ளாம்ப் உயரமும் ஸ்டெம்முக்கு ஸ்டெம் வேறுபடும். 42 மி.மீ. இருந்த இடத்தில் 36 மி.மீ. வந்தால் கீழே 5 மி.மீ. ஸ்பேசர் நுழைக்க இடம் பிறக்கிறது. ஆனால் எக்காரணம் கொண்டும் ஸ்டெம்மை ஸ்டியரர் முனைக்கு மேல் ஏற்றிப் பிடிக்காதீர்கள். குழாயின் முனை ஸ்டெம்மின் மேல்விளிம்பிலிருந்து 2, 3 மி.மீ. மட்டுமே கீழே இருக்கலாம். மேல் போல்ட் வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் பைக்குகளைப் பார்த்திருக்கிறேன், பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

எப்போதாவது புது ஃபோர்க் வாங்கினால் ஸ்டியரரை வெட்ட அவசரப்படாதீர்கள். உயரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, மேலே ஒரு ஸ்பேசர் மிச்சம் வைத்தே வெட்டச் சொல்லுங்கள். அதற்காக ஸ்பேசரை அடுக்கிக்கொண்டே போகவும் முடியாது. ஸ்டெம்முக்குக் கீழே 30 மி.மீ. வரைதான் என்று பல ஃபோர்க் தயாரிப்பாளர்கள் எல்லை வைக்கிறார்கள். ஸ்பேசர் வெறும் வளையம், சுமையைத் தாங்குவது உள்ளேயுள்ள குழாய்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு சந்தேகத்தையும் சொல்ல வேண்டும். நீங்கள் உணர்வது முழுவதும் ஸ்டெம்மின் முறுக்கம்தானா? முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையில் இறுக்கிக்கொண்டு பாரை ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே இழுங்கள். வேறொருவரை ஸ்டெம்மைப் பார்க்கச் சொல்லுங்கள். அசைவு மூட்டிலா, பார் க்ளாம்ப்பிலா, ஸ்டியரரைப் பிடிக்கும் இடத்திலா? பிறகு முன்பிரேக்கை அழுத்திக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் ஆட்டி, ஸ்டியரர் சுழலும் பேரிங் தொகுதியான ஹெட்செட்டின் மேல், கீழ் விளிம்புகளில் விரல் வைத்துப் பாருங்கள். 'டக் டக்' என்று தட்டினால் ஹெட்செட் தளர்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த ஸ்டெம் வாங்கினாலும் முன்பக்கம் ஆடிக்கொண்டேதான் இருக்கும். சரிசெய்ய ஸ்டெம்மின் பக்கப் போல்ட்களைத் தளர்த்தி, மேல்மூடிப் போல்ட்டை ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் திருகி, சக்கரத்தோடு நேராக்கி, பிறகு பக்கப் போல்ட்களை இறுக்க வேண்டும். மேல்மூடிப் போல்ட்டின் வேலை பேரிங்கை அமர்த்துவது மட்டுமே, ஸ்டெம்மைப் பிடிப்பது அல்ல.

35 டிகிரி ஸ்டெம்தான் வாங்கப் போகிறேன் என்றால் மேலே சொன்ன எல்லாமே இரட்டிப்பாகப் பொருந்தும். சந்தையிலுள்ள உயர ஸ்டெம்களில் பெரும்பாலானவை நிதானமான சவாரிக்காகச் செய்தவை, குறுகிய பாரை மனதில் வைத்துச் செய்தவை. மவுண்டன் பைக் பயன்பாட்டுக்கு என்று தயாரிப்பாளரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறாரா என்று பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சைக்கிள் பாதுகாப்புத் தரத்தில் பாரையும் ஸ்டெம்மையும் வளைத்தும் திரும்பத் திரும்பச் சுமை ஏற்றியும் சோதிக்கும் முறைகள் உண்டு; மவுண்டன் பைக்குக்கான விசைகள் நகரச் சைக்கிளுக்கு உள்ளதைவிடக் கடுமையானவை. அதை மவுண்டன் பைக் வகையில் தேறியது என்று குறிப்பிட்டிருந்தால் நம்பி வாங்கலாம். நீளத்தை 80-க்கு மேல் போகவிடாதீர்கள், கூடவே இருக்கும் பாரையும் 740 மி.மீ.க்கு மேல் அகலமாக்காதீர்கள்.

பொருத்தும்போது முன்மூடியின் நான்கு போல்ட்களையும் குறுக்காக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். மேல் இடைவெளியை முழுவதும் மூடிவிட்டுக் கீழே மட்டும் இறுக்கும் வடிவமைப்புகளும் உண்டு, அது ஸ்டெம்மிலேயே எழுதியிருக்கும். எம்5 போல்ட்டுக்கு வழக்கமாக 5 நியூட்டன் மீட்டர் பக்கம், ஆனால் ஸ்டெம்மில் அச்சிட்ட எண்தான் சட்டம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கண்டிப்பாக வேண்டும். போல்ட் மரையில் துளி கிரீஸ் போடலாம், க்ளாம்ப்பின் உட்பக்கத்தில் வேண்டாம். பார் கார்பன் என்றால் அதற்கான உராய்வுப் பசையைத் தடவுங்கள். அது இருந்தால் குறைவான இறுக்கத்திலேயே பார் நழுவாது.

முக்கியமான ஒன்று, பிரேக் ஹோஸும் கியர் கேபிளும். பார் 3 செ.மீ. மேலே போகிறது, உங்கள் ஹோஸ் பழைய உயரத்துக்கு வெட்டியது. ஸ்டெம்மை மாட்டியதும் பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எங்காவது விறைத்து இழுத்தால் அப்படியே ஓட்டாதீர்கள், விழும்போது பார் சுழன்றால் ஹோஸ் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஃபிரேமுக்குள் ஓடும் ஹோஸ் என்றால் சில நேரம் உள்ளிருந்து கொஞ்சம் இழுத்துவிட முடியும். இல்லாவிட்டால் புது ஹோஸ்தான். இந்தச் செலவையும் வேலையையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டத் தொடங்கியதும் முன்சக்கரம் லேசாகிவிட்டது தெரியும். கடினமான ஏற்றத்தில் அது அலையும், தட்டையான வளைவில் நழுவப் பார்க்கும். உடலின் எடை பின்னால் போனதுதான் காரணம், ஸ்டெம்மில் குறை இல்லை. ஏற்றத்தில் முழங்கைகளை மடக்கி மார்பைப் பாருக்கு இறக்குங்கள், சீட்டில் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்து உட்காருங்கள். வளைவில் உள்பக்கக் கையை அழுத்துங்கள். நின்று மிதிக்கும்போது முழங்கால் பாரில் இடித்தால் 60-க்குப் பதில் 70 மி.மீ. ஸ்டெம் போடுங்கள், உயரமும் 4, 5 மி.மீ. கூடவே கிடைக்கும். முதல் இரண்டு மூன்று சவாரிக்குப் பிறகு எல்லாப் போல்ட்களையும் ஒரு முறை டார்க் ரெஞ்சால் சரிபார்த்துவிடுங்கள், புதிதாகப் பொருத்தியவை அமர்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.